ஐம்பதைத் தொட்டால் மேலே

என் காலைப் பிடித்து இழுத்துவிட்டான், தம்பி. வலது காலை. கடலுக்குள்ளே பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், ஊரில் நாற்பது பேருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஒருவனின் காலை. குனிந்து பார்த்தால் எங்கள் வழிகாட்டி ஜினான். ஒரு கையால் என் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பைப் பிடித்திருக்கிறான். இன்னொரு கையை வாய்க்கு முன்னால் வைத்து ஊது, ஊது என்று காட்டுகிறான். கண்ணாடிக்குள் அவன் கண் இரண்டும் முட்டை மாதிரி இருந்தன. பயந்துவிட்டான், பாவம். நான் பயப்படவில்லை. நான் ஏன் பயப்பட வேண்டும்?

சிப்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எர்ணாகுளம் ஸ்டேஷனுக்கு வெளியே வாங்கியது, இன்னும் சூடு ஆறவில்லை. கோவை போக நான்கு மணி நேரம் இருக்கிறது.

நீங்கள் ஏறியதிலிருந்து என் முகத்தையே பார்க்கிறீர்கள். கேட்கவில்லை, ஆனால் பார்க்கிறீர்கள். நெற்றியிலிருந்து மூக்குக்குக் கீழே வரை வட்டமாக ஒரு தடம், அதைத்தானே? தேமல் இல்லை. நீருக்கடியில் போடுகிற கண்ணாடி அழுத்தியது. ஆறு நாள், ஒரு நாளைக்கு மூன்று முறை. மாலத்தீவிலிருந்து வருகிறோம். ஹோட்டல் கிடையாது, கரை கிடையாது. படகிலேயே தங்கி, படகிலேயே சாப்பிட்டு, படகிலிருந்தே கடலுக்குள் இறங்குவது. பதினாறு விருந்தாளிகள். பெரிய படகில் அறை, சாப்பாட்டு மேசை, மொட்டைமாடி எல்லாம் உண்டு. அதன் பின்னாலேயே ஒரு தோணி வரும். சிலிண்டர்கள் எல்லாம் அதில்தான். குதிப்பதும் அதிலிருந்துதான்.

வருகிறோம் என்றேன் அல்லவா, நானும் என் மனைவியும். துளசிமணி. அவள் மூன்று பெட்டி தள்ளி இருக்கிறாள். டிக்கெட்டை அவள்தான் எடுத்தாள், இடம் தனித்தனியாக விழுந்துவிட்டது. மலையாளத்து அம்மா ஒருவர் நல்ல மனதோடு இடம் மாற்றிக்கொள்கிறேன் என்று வந்தார். "வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று இவளே சொல்லிவிட்டாள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கவே மாட்டாள். அப்படிப்பட்ட குணம்.

எனக்கு இந்த மாசி வந்தால் அறுபது முடிகிறது. சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகள் செம்மலர் போனில் கேட்டாள், அறுபதாம் கல்யாணத்தை எங்கே வைக்கலாம், என்ன வேண்டும் என்று. நான் திருக்கடையூர் என்றேன். எல்லோரும் சொல்வதுதானே. பின்னால் சமையலறையிலிருந்து இவள், யாரும் கேட்காமலே, "எனக்குக் கொம்புத் திருக்கையைப் பார்க்கணும்" என்றாள். மேண்டா என்பார்கள், பெரிய திருக்கை மீன், இரண்டு பக்கமும் இறக்கையை விரித்தால் இந்தப் பெட்டியில் பாதி வரும். வாயின் இரு பக்கமும் கொம்பு மாதிரி நீண்டிருக்கும். மத்தியானத்தில் துணி மடிக்கும்போது தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். எனக்கே தெரியாது.

செம்மலர் சிரிக்கவில்லை. "அப்பா, அம்மா இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை" என்றாள். அப்புறம் எல்லாம் அவளே ஏற்பாடு செய்தாள். முதலில் புதுச்சேரியில் நான்கு நாள் பயிற்சி. நான் கிணற்றில் நீந்திப் பழகியவன். இவள் பவானி ஆற்றங்கரைக்காரி. நீச்சல் பிரச்சினை இல்லை. அந்தப் பயிற்சியில் முதல் பாடம் என்ன தெரியுமா? தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கக் கூடாது. எப்போதும் விட்டுக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருக்க வேண்டும். அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடுமாம். சொல்லிக்கொடுத்த பையனிடம் நான் சொன்னேன், "தம்பி, நான் தொண்ணூறு வினாடி கும்பகம் பிடிப்பவன்." அவன், "இங்க வேண்டாம் சார்" என்றான். சரி, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

நான் மின்வாரியத்தில் இருந்தேன். வேலையில் இருக்கும்போதே வடவள்ளி பூங்காவில் தினமும் காலை ஐந்தரைக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். பதினெட்டு வருடம். டாக்டர்கள் வருகிறார்கள். ஒரு நீதிபதி வந்தார், மூன்று நாள். மூச்சு என்றால் கோவையில் மேற்குப் பக்கம் என் பெயரைத்தான் சொல்வார்கள். சென்னியப்பன் என்று கேட்டுப் பாருங்கள்.

அதனால்தான் அந்தப் பலகை விஷயம் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

விளக்கமாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கடலுக்குள் தனியாகப் போகக் கூடாது. ஜோடி ஜோடியாகத்தான். எனக்கு இவள், இவளுக்கு நான். முதுகில் சிலிண்டர். அதில் இருநூறு இருக்கும். இருநூறு என்றால் காற்றின் அழுத்தம், கையருகே ஒரு மீட்டர் தொங்கும், அதில் முள் காட்டும். மூச்சு விட விட முள் இறங்கும். ஐம்பதைத் தொட்டால் மேலே வந்துவிட வேண்டும். ஜோடியில் ஒருவர் ஐம்பதைத் தொட்டால் இரண்டு பேரும் மேலே. அதுதான் சட்டம். ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாது.

மேலே வந்ததும் தோணியில் ஜினான் ஒரு வெள்ளைப் பலகையை வைத்துக்கொண்டு நிற்பான். ஜினான் மாலத்தீவுக்காரன், முப்பது முப்பத்திரண்டு இருக்கும். அவன் அம்மாவுக்குக் கண் அறுவை மதுரையில் நடந்ததாம், இரண்டு மாதம் துணைக்கு இருந்திருக்கிறான். அந்தத் தமிழ். ஒவ்வொருவரும் மிச்சக் காற்று எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அவன் பெயருக்கு நேரே எழுதுவான். பதினாறு பேரும் பார்ப்பார்கள்.

முதல் நாள், முதல் முறை. "ஆன்டி?" என்றான்.

"நூத்தி இருபத்தஞ்சு" என்றாள்.

"அங்கிள்?"

"நாற்பத்தெட்டு."

எழுதிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். "இருபத்தொம்பது நிமிஷம்" என்றான். மற்ற ஏழு ஜோடியும் இன்னும் தண்ணீருக்குள் இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு, அரை மணி நேரம் தோணியில் உட்கார்ந்து அவர்களுடைய குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் ஜினானுக்கு விளக்கினேன். பயிற்சி செய்த நுரையீரல் பெரியது. பெரிய பாத்திரத்துக்கு நிறையத் தண்ணீர் பிடிக்கும் அல்லவா? அதுதான். இவளுக்குப் பயிற்சி கிடையாது, மேலோட்டமாக விடுகிறாள், அதனால் குறைவாகச் செலவாகிறது. அது நல்லதில்லை. இவளிடமும் சொன்னேன். "துளசி, நீ சரியா மூச்சு விடறதில்லை. அடிவயித்திலிருந்து இழுக்கணும்."

"சரிங்க" என்றாள்.

மறுநாள் காலை நான் மொட்டைமாடியில் வகுப்பு ஆரம்பித்துவிட்டேன். சும்மா இருப்பானேன்? எட்டுப் பேர் வந்தார்கள். எல்லாம் வெள்ளைக்காரர்கள். இழு, நிறுத்து, விடு என்று ஆங்கிலத்தில் எண்ணினேன். எடித் என்று ஹங்கேரி நாட்டுக்காரி ஒருத்தி, அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், மூன்று முறை கேட்டாள், நீங்கள் இதைத் தொழிலாகவே செய்கிறீர்களா என்று. ஆமாம் என்றேன். பலகை இருக்கும் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் காது மந்தம் போலிருக்கிறது.

இரண்டாம் நாளும் அதேதான். இருபத்தெட்டு, முப்பது, இருபத்தேழு. ஒரு தடவை ஆமை ஒன்று பவளப்பாறைக்கு அடியிலிருந்து வந்தது. நான் இவள் தோளைத் தட்டி, பார், பார் என்று காட்டினேன். நான்கைந்து முறை தட்டினேன். கீழே கிடந்த கடல்வெள்ளரியையும் காட்டினேன். யாரும் காட்டாவிட்டால் இவள் எதைப் பார்ப்பாள்? தண்ணீருக்குள் பேச முடியாது, ஆனால் மூச்சு விடும் குழாயை வாயில் வைத்துக்கொண்டே கொஞ்சம் குரல் கொடுக்கலாம். நான் கொடுப்பேன். ஆமை என்று சொன்னால் ஊவா என்று கேட்கும். மீட்டரைப் பார்த்தால் ஐம்பது. நான் கட்டை விரலை மேலே காட்டுவேன். இவள் ஆமை போன திசையைப் பார்ப்பாள். பிறகு வருவாள். ஒரு நாளும் மாட்டேன் என்றதில்லை.

இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டில் மட்டும் கேட்டாள். "ஏனுங்க, கடைசி நாள் அந்தத் திருக்கை வர்ற இடத்துக்குப் போறாங்களாமே, அது எத்தனை நேரம் காத்திருக்கணும்னு ஜினான் தம்பி சொன்னாரா?"

ஜினான் பக்கத்து மேசையில்தான் இருந்தான். "ஆன்டி, அது அவங்க வீடு. வந்தா வரும். சில நாள் பத்து நிமிஷம். சில நாள் அம்பது. வராமயும் போகும். ஒரே ஒரு தடவைதான் இறங்குவோம்."

"அம்பதுங்களா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மீன் குழம்பை எனக்கு எடுத்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஜினான் என்னைத் தனியாக அழைத்துப் போனான். தோணியின் பின்பக்கம் மஞ்சள் பட்டை போட்ட மூன்று சிலிண்டர்கள் நின்றன. மற்றதைவிட அரை அடி உயரம், வயிறும் பெருத்தது. "அங்கிள், இது பெருசு. காத்து ஜாஸ்தி. நாளைக்கு இது போடுங்க."

"யார் போடுவது இதை?"

"பெரிய ஆளுங்க. ஜெர்மன்காரர், நூத்திப் பத்து கிலோ. அவர் போடுறார்."

என் எடை அறுபத்திரண்டு, தம்பி. மொட்டைமாடியில் எட்டுப் பேர் என்னைப் பார்த்து மூச்சு விடுகிறார்கள். நான் இதை முதுகில் கட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் நடந்தால் என்ன ஆகும்? அவர்களுக்குப் பயிற்சியிலேயே நம்பிக்கை போய்விடும். அவர்களுக்காகத்தான் மறுத்தேன். "நாளைக்குப் பாருங்கள் ஜினான். நாளைக்கு நான் காட்டுகிறேன்" என்றேன்.

மூன்றாம் நாள்தான் கும்பகம் பிடித்தேன்.

சிரிக்காதீர்கள். யோசித்துத்தான் செய்தேன். மூச்சு விட்டால்தானே காற்று செலவாகும்? உள்ளே இழுத்து, முப்பது வினாடி நிறுத்தினால், செலவு மூன்றில் ஒரு பங்கு. கணக்கு சரிதானே? பன்னிரண்டு மீட்டரில் நன்றாக இழுத்தேன். நெஞ்சை நிரப்பினேன். நிறுத்தினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மனம் அப்படியே அடங்கியது. பதினைந்து எண்ணும்போது பார்க்கிறேன், துளசி கீழே போய்க்கொண்டிருக்கிறாள். ஏன் இவள் கீழே போகிறாள் என்று நினைத்தேன். பாறையும் கீழே போனது. மீன்களும் கீழே போயின. அப்போதுதான் அவன் காலைப் பிடித்தான்.

தோணிக்கு வந்ததும் கத்தினான் பாருங்கள். பதினாறு பேர் முன்னால். "அங்கிள், நீங்க பலூன்! பலூன் மாதிரி மேல போறீங்க! மொதல் பாடம் என்ன? சொல்லுங்க, மொதல் பாடம் என்ன?"

"மூச்சை அடக்கக் கூடாது" என்றேன்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கும்பகம்."

"அது என்ன?"

இவள்தான் சொன்னாள். "மூச்சை அடக்கறதுங்க, தம்பி."

அவ்வளவு வேகமாக இவள் யாருக்கும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு நாள் ஓய்வு. அதாவது தண்டனை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது, என் நுரையீரலைப் பற்றிய அக்கறை. எடித்தின் கணவருக்குக் காது அடைத்துக்கொண்டு அவரும் இறங்க முடியாமல் பெரிய படகிலேயே இருந்துவிட்டார். அதனால் நான்காம் நாள் எடித்துக்கு ஜோடி இவள், இவளுக்கு ஜோடி எடித். நான் இவளிடம் சொன்னேன், பயப்படாதே, மேலே நான் இருக்கிறேன், ஏதாவது என்றால் உடனே வந்துவிடு என்று. இவள் கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்துக்கொண்டிருந்தாள். பனி படியாமல் இருக்க அப்படிச் செய்வார்கள்.

குதித்துவிட்டாள்.

தோணியில் நானும் படகோட்டியும் மட்டும். அவனுக்கு எந்தப் பாஷையும் தெரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பது நிமிடம் ஆனது. நாற்பது ஆனது. நான் கவலைப்படவில்லை. படகோட்டியிடம் ஒன்றிரண்டு முறை கேட்டேன், எங்கே, எங்கே என்று கையைக் காட்டி. அவன் குமிழிகளைக் காட்டுவான். ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். பிறகு அவன் நான் கேட்கும் முன்னாலேயே காட்ட ஆரம்பித்தான். ஐம்பது ஆனது. எந்தக் குமிழி இவளுடையது என்று எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்கள். ஒரே வெள்ளையாக வருகிறது, ஒரே மாதிரி உடைகிறது.

அறுபத்திரண்டு நிமிடம். மேலே வந்தாள். எடித்தும் வந்தாள். இரண்டு பேரும் ஏணியில் ஏறுவதற்கு முன்பே கைகளால் பேசிக்கொள்கிறார்கள். இவள் இரண்டு விரலை மடக்கி ஏதோ காட்டுகிறாள், அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். இவளுக்கு ஆங்கிலம் வராது. எடித்துக்குத் தமிழா வரும்? இந்தக் கைப்பேச்சு இவளுக்கு மில்லில் ஒட்டிய பழக்கம். இருபத்தெட்டு வருடம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. அந்த இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. கையையும் உதட்டையும் வைத்துத்தான் எல்லாம். வீட்டிலும் அப்படித்தான், உப்பு போதுமா என்பதைக்கூட விரலைக் காட்டிக் கேட்பாள். வாயைத் திறந்து பேசு என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"சத்தமே இல்லைங்க" என்றாள்.

பாவம், நான் கூட இல்லை அல்லவா. யாரும் எதையும் காட்டியிருக்க மாட்டார்கள். "நாளைக்கு நான் வந்துவிடுவேன்" என்று ஆறுதல் சொன்னேன். அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் நான் கூடப் போனேன். ஒழுங்காக, விதிப்படி. இருபத்தொன்பது நிமிடம்.

ஆறாம் நாள்தான் அந்தத் திருக்கை இடம். கடைசி முறை. அதற்கு மறுநாள் விமானம், அதனால் அதற்கப்புறம் யாரும் இறங்கக் கூடாது. காலையில் காப்பி குடிக்கும்போது ஜினான் வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தான். கொஞ்சம் தயங்கினான். "அங்கிள், இன்னிக்கு ஆன்டி எடித்தோட இருக்கட்டும். நீங்க என்னோட வாங்க. நீங்க அம்பது வந்தா நான் உங்களக் கூட்டிட்டு மேல வரேன். ஆன்டி கீழ இருக்கலாம்."

கணவருக்கு இன்னும் காது அடைப்பு விடாத எடித், பக்கத்து மேசையிலிருந்து இவளைப் பார்த்துத் தன் நெஞ்சில் ஒரு விரலை வைத்து, அப்புறம் இவளைக் காட்டி, இரண்டு விரலையும் ஒட்டிக் காட்டினாள். நீயும் நானும் என்று அர்த்தம். அந்த அளவுக்கு எனக்கும் புரியும்.

நான் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டேன், தம்பி. உடனே சொன்னேன், போ துளசி என்று. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. முப்பத்து நான்கு வருடம் ஒன்றாக இருந்துவிட்டோம். ஒரு மீனுக்காக நான் குறுக்கே நிற்பேனா? அறுபதாம் கல்யாணம் எனக்கும் சேர்த்துத்தான், பரவாயில்லை. நீ பார்த்துவிட்டு வந்து சொன்னால் நான் பார்த்த மாதிரி. இப்படிக் கொஞ்சம் சொன்னேன். காப்பி ஆறிவிட்டது. ஜினான் இரண்டாவது ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டான்.

இவள் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்.

"நீங்களும் வாங்க. அந்த மஞ்சள் பட்டை சிலிண்டரை எடுத்துக்குங்க."

"அது எதுக்கு? ஜினான்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாரே?"

"எடுத்துக்குங்க" என்றாள். "எடுத்துக்கிட்டா உங்களோட வரேன். இல்லீன்னா எடித்தம்மாவோட போறேன்."

இவள் என்னிடம் இல்லீன்னா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

எடுத்துக்கொண்டேன். எதற்காக என்றால், ஜினான் பாவம், நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவன் மனது நோகக் கூடாது. தோணியில் அதை முதுகில் கட்டும்போது ஜெர்மன்காரர் தன்னுடையதைத் தட்டிக் காட்டி, நாம் இரண்டு பேரும் ஒன்று என்கிற மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். மொட்டைமாடியில் வந்த எட்டுப் பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கீழே பதினைந்து மீட்டரில் மணல். நடுவில் ஒரு பாறை, கோவில் தேர் நிற்கிற மாதிரி. அந்தப் பாறையில் இருக்கும் குட்டி மீன்கள் திருக்கையின் உடம்பைச் சுத்தம் செய்யுமாம், அதற்காக வரும். நாங்கள் எல்லோரும் மணலில் வரிசையாக மண்டியிட்டுக் காத்திருந்தோம். அசையக் கூடாது. இவள் என் இடப்பக்கம். அவளுக்கு அந்தப்பக்கம் எடித். நான் எதையும் காட்டவில்லை, காட்ட ஒன்றும் இல்லை. நீலம்தான் இருந்தது. பத்து நிமிடம். இருபது. முப்பது. வெறும் நீலம். எனக்கு மீட்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எண்பது. எழுபது. மனதை அடக்கு, அடக்கு என்று சொல்லிக்கொண்டால் இன்னும் வேகமாக இழுக்கிறது. பூங்காவில் இதற்குத்தான் நான் நாற்பது பேரை அதட்டுவேன்.

முப்பத்தாறாவது நிமிடம் ஐம்பது.

கட்டை விரலைத் தூக்கினேன். சட்டம் சட்டம்தான். ஜினான் பார்த்துவிட்டான், மணலை உதைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். என் தோள்பட்டையைப் பிடித்தான். இவளைப் பார்த்து, நீங்கள் எடித்தோடு இருங்கள், நான் இவரைக் கூட்டிப்போகிறேன் என்று கையால் சொன்னான். எடித்தும் நகர்ந்து இடம் விட்டாள்.

இவள் என் மீட்டரைப் பார்த்தாள். தன் மீட்டரைப் பார்த்தாள். நூற்று இருபத்தைந்து. நீலத்தைப் பார்த்தாள். பிறகு தன் இடுப்பருகே மஞ்சளாகத் தொங்கிய இன்னொரு குழாயை உருவினாள். ஒவ்வொருவர் சிலிண்டரிலும் அப்படி ஒரு உபரிக் குழாய் இருக்கும், கூட வருபவருக்குக் காற்று தீர்ந்துபோனால் கொடுப்பதற்கு. அதை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். ஜினான் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. இவள் தன் மீட்டரை அவன் கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். அப்புறம் மில் விரலால் ஏதோ சொன்னாள். ஒரு உள்ளங்கையை விரித்து அதை மெதுவாகக் கீழே அழுத்துவது. அவனுக்கு என்ன புரிந்ததோ, அவன் என் தோளை விட்டுவிட்டு எங்களுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

எனக்குப் புரிந்தது. தனியாக இருக்க இவளுக்குப் பயம். எத்தனை தைரியசாலியானாலும் அவ்வளவு ஆழத்தில் கணவன் பக்கத்தில் இல்லாமல் எப்படி? நான் என் குழாயை எடுத்துவிட்டு அவளுடையதை வாயில் வைத்துக்கொண்டேன். அவளுக்காக.

அது குட்டையான குழாய், தம்பி. தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டும். அவள் என் பட்டையைப் பிடித்துக்கொண்டாள், நான் அவளுடையதை. ஒரே சிலிண்டர். நான் இழுத்தால் அவள் மீட்டரில் முள் இறங்குகிறது, கண் முன்னாலேயே தெரிகிறது. அவள் ஒரு மூச்சு விடும் நேரத்தில் நான் மூன்று விட்டுக்கொண்டிருந்தேன். அவள் இழுப்பது உஸ் என்று கேட்டது. பிறகு நீளமாக, மிக நீளமாக விட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த மூச்சை ஏன் இன்னும் இழுக்கவில்லை என்று எனக்கே பதற்றமாகிவிட்டது. பிறகு உஸ். முப்பத்து நான்கு வருடம் பக்கத்தில் படுத்தவள், இவள் இப்படித்தான் மூச்சு விடுகிறாள் என்று நான் கவனித்ததில்லை. நான் முதலில் தூங்கிவிடுவேன்.

அவள் விடும்போது நானும் விட்டேன். அவள் நிற்கும்போது நின்றேன். கும்பகம் இல்லை, அவள் மறுபடி இழுக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருந்தேன், அவ்வளவுதான். முள் அசையாமல் நின்ற மாதிரி இருந்தது.

நாற்பத்து மூன்றாவது நிமிடம் முதலாவது வந்தது. நீலத்தில் ஒரு நிழல் கனத்தது. பிறகு வெள்ளை வயிறு. நான் சொன்ன அளவெல்லாம் தப்பு, இந்தப் பெட்டியில் பாதி இல்லை, இந்தப் பெட்டி. எங்கள் தலைக்கு மேலே, கையை நீட்டினால் தொடலாம், அப்படியே நின்று திரும்பியது. எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது. ஆனால் வாயில் இருந்தது அவளுடைய குழாய். கத்தினால் அவளுடைய காற்றுதானே போகும்? சும்மா இருந்தேன். தோளையும் தட்டவில்லை. இரண்டு கையும் பட்டையைப் பிடித்திருந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. நான் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவள் கன்னம் இரண்டும் மேலே ஏறியிருந்தன. அவ்வளவு அகலமாகச் சிரித்ததில் விளிம்பு வழியே தண்ணீர் புகுந்து மூக்கு வரை நின்றது. அவள் அதை வெளியேற்றக்கூட இல்லை.

ஐம்பத்தொன்றாவது நிமிடம் ஜினான் எங்கள் இரண்டு பேர் தோளையும் தொட்டான். மெதுவாக ஏறினோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், அதுவும் ஒரு சட்டம். அங்கே என் குழாயை மறுபடி வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னான். அதிலிருந்த மிச்சத்தை அந்த மூன்று நிமிடத்தில் ஏறக்குறைய முடித்துவிட்டேன். வெளியே வந்தேன். வெயில். ஆகாயம். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் மிதந்துகொண்டிருந்தார்கள். தோணி தூரத்தில் வளைந்து எங்களை எடுக்க வந்துகொண்டிருந்தது.

குழாயைத் துப்பிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. "துளசி, பாத்தியா, முதல்ல வந்ததுக்கு வயித்துல கரும்புள்ளி இருந்துச்சு, பாத்தியா? அது திரும்பும்போது" என்றேன். ஒரு அலை வாயில் அடித்தது. துப்பிவிட்டுத் தொடர்ந்தேன். மேலே வந்ததும் நாம் போட்டிருக்கும் சட்டைக்குள் காற்றை நிரப்ப வேண்டும், அப்போதுதான் மிதப்போம். நான் நிரப்பவில்லை. பேச்சில் மறந்துவிட்டது. தாடை வரை தண்ணீரில் கிடந்தேன். "இரண்டாவது வந்ததே, அதுக்கு வால் பாதிதான் இருந்துச்சு" என்றேன். இன்னொரு அலை.

துளசி நீந்திப் பக்கத்தில் வந்தாள். என் தோளில் தொங்கிய, சட்டைக்குக் காற்று ஊதும் குழாயைத் தூக்கி, அதன் முனையைத் தன் வாயில் வைத்து ஊதினாள். ஒரு முறை. இன்னொரு முறை. கன்னம் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு, நான்கைந்து முறை. என் நெஞ்சைச் சுற்றிச் சட்டை இறுகியது. நான் மார்பு வரை மேலே வந்தேன். குழாயை மடித்துப் பழைய இடத்தில் செருகிவிட்டுத் தோணி வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.